மடி கொடுத்த மாமன்

வெள்ளைத்துரை கடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கத்தான் முடியவில்லை. மடியில் ஒரு சிப்பம் அரிசி வேறு.

பழங்காநத்தத்தில் பம்புசெட் கடை வைத்திருக்கும் மனுசனுக்கு ஏன் இந்த வேலை என்று கேட்பீர்கள். தங்கச்சி ஜெயக்கொடியின் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாமனுக்கோ முழங்கால் மூட்டு இரண்டும் தேய்ந்துபோயிருந்தன.

"ஆபரேஷன் பண்ணி மூட்டு மாத்திரலாம். என்னைக்குன்னு நீங்களே சொல்லுங்க. ஆனா அதுக்கப்புறம் தரையில சம்மணம் போடக் கூடாது," என்றார் டாக்டர்.

அங்கேதான் வெள்ளைத்துரை ஆடிப்போனார். நாற்காலியில் உட்கார்ந்து மடி கொடுத்தால் ஊர் வாய் சும்மா இருக்குமா? ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்களே! முதலில் காதுகுத்து, அப்புறம்தான் ஆபரேஷன் என்று முடிவெடுத்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை. எப்போது ஆபரேஷன் என்று தங்கச்சி போனில் கேட்கும்போதெல்லாம் "பாப்போம்த்தா" என்று மழுப்பினார்.

பாழாய்ப்போன காதுகுத்தோ நடக்கிற வழியாக இல்லை. ஜெயக்கொடி ஒரு தடவை ஆடி மாதம் என்றாள், இன்னொரு தடவை பங்காளி வீட்டில் துக்கம் என்றாள், அப்புறம் மண்டபம் கிடைக்கவில்லை என்றாள். இங்கே மூட்டு தேயத் தேய, அங்கே மருமகன் முத்துப்பாண்டி நெய்யும் இட்லியுமாகக் கொழுத்துக்கொண்டிருந்தான்.

சிம்மக்கல்லில் எண்ணெய் வாங்கித் தேய்த்தார். முட்டி பூசணிக்காயாக வீங்கியது. ஒத்தடம் கொடுத்தார், தோல் வெந்தது. கடைசியில்தான் இந்த அரிசிச் சிப்பப் பயிற்சி. மோட்டார் வாங்க வந்தவர்கள், அண்ணாச்சி ஏதோ விரதம் இருக்கிறார் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மனைவி தங்கப்பொண்ணு வந்து தலையில் அடித்துக்கொண்டு, மோட்டார் தூக்குகிற சங்கிலியை மாட்டி அவரைத் தூக்கினாள்.

நிமிர்ந்ததும் போனை எடுத்தார். "வர்ற முகூர்த்தத்துல குத்துறோம். இல்லேன்னா நான் வரவே மாட்டேன்."

"முட்டி எப்படிண்ணே இருக்கு?"

"இரும்பு மாதிரி இருக்கு."

அதைக் கேட்டதும் அவள் சரி என்றுவிட்டாள்.

திருப்பரங்குன்றத்தில் சீர்த்தட்டுகளோடு கொட்டுமேளம் முழங்க இறங்கினார் வெள்ளைத்துரை. பல்லைக் கடித்துக்கொண்டு சம்மணம் போட்டார். மடியில் முத்துப்பாண்டி தொப்பென்று உட்கார்ந்தான். ஆசாரி காதில் ஊசியை இறக்கினார். பிள்ளை வீறிட்டான், மாமன் அவனைவிடப் பெரிதாக வீறிட்டார். என்ன பாசம், என்ன பாசம் என்று சனம் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

அப்புறம் மச்சான் தோளைப் பிடித்து, ஒரே மூச்சில் எழுந்து நின்றார். குலவைச் சத்தம் மண்டபத்தை நிறைத்தது. வெள்ளைத்துரைக்கு நெஞ்சு விம்மியது. இனி எவன் என்ன சொல்லிவிட முடியும்? மைக்கைப் பிடுங்கி, நாளைக்கே மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் போகப்போவதாக ஊரறிய அறிவித்தார்.

ஜெயக்கொடியின் மாமியார் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினாள்.

"அப்ப இன்னும் மாத்தலையா தம்பி? மூட்டு மாத்துனாத்தான் எங்கண்ணனால சம்மணம் போட முடியும்னு சொல்லித்தான உங்க தங்கச்சி இம்புட்டு நாளா காதுகுத்தத் தள்ளிப் போட்டுச்சு!"