எழுபத்தைந்து ரூபாய் மனிதர்

கொசுவில் எத்தனையோ வகை உண்டு. மனிதரில் அதைவிட அதிகம். அதில் ஒரு வகையை இன்றைக்கு உங்களுக்குப் பிடித்துக் காட்டுகிறேன்: தன் ஒரு மணி நேரம் என்ன விலை என்று தெரிந்துகொண்டவர். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனால் ஆளைப் பார்த்து எடை போடுவதில் மரக்காணம் பக்கம் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. நம்பி வாருங்கள்.

தெய்வசிகாமணி உப்பளக்காரர். 2005-ஆம் வருஷம் குயிலாப்பாளையத்து கெஸ்ட் ஹவுஸ் ஒன்றில் உப்பு மூட்டை இறக்கப் போனவரை, அங்கே தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் சும்மா இருக்காமல், "உங்க ஒரு மணி நேரம் என்ன விலை?" என்று கேட்டுவிட்டார். தெய்வசிகாமணிக்கு அன்று தூக்கம் போச்சு. புது செல்போனை எடுத்து, வருஷ வருமானத்தை நாளால் வகுத்து, நாளை மணியால் வகுத்து, விடியும்போது கண்டுபிடித்தார்: எழுபத்தைந்து ரூபாய்!

அப்புறம் கேட்க வேண்டுமா? முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்தவர், நாற்பது நிமிஷம் என்றால் ஐம்பது ரூபாய் போச்சே என்று பாதியில் எழுந்து வந்துவிட்டார். மூன்று நாள் இடப்பக்கம் காடு, வலப்பக்கம் களத்துமேடு.

"ஏங்க, சோறு ஆறுது" என்றாள் மனைவி கலைமதி.

"சாப்பிட இருபது நிமிஷம். இருபத்தஞ்சு ரூபா ஆவுது, தெரியுமா?"

"அப்ப ஓட்டல்ல சாப்பிட்டதா வெச்சிக்குங்க. வாங்க."

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? தன் ஒரு மணி நேரத்தின் அருமையை டீக்கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் ஊராருக்கு விளக்கவே அவருக்கு தினம் ஐந்து மணி நேரம் ஆயிற்று. அதற்குக் கணக்கு? அது மட்டும் செல்போனில் ஏறவில்லை.

வைகாசியில் ஒரு நாள். உப்பளத்தில் இருபது டன் உப்பு அம்பாரமாகக் குவிந்து கிடக்கிறது. மறுநாள் காலையில் லாரி வரும். மத்தியானம் பார்த்தால் கடல் பக்கம் வானம் கருக்கிறது. மழை பட்டால் உப்பு என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. தார்ப்பாய்க்கு மூலை நான்கு. அன்று வேலைக்கு வந்த பெண்கள் மூன்று பேர்.

"ஐயா, ஓடியாங்க! இந்த மூலையப் புடிங்க!" என்று கத்தினாள் அவர்களில் ஒருத்தி, சின்னப்பாப்பா.

ஓடவில்லை. செல்போனை எடுத்தார்.

"இங்க பாரும்மா. என் ஒரு மணி நேரம் எழுபத்தஞ்சு ரூபா. உன்னுது எட்டு ரூபா. எட்டு ரூபா வேலைய நான் செஞ்சா எனக்கு அறுபத்தேழு ரூபா நஷ்டம். இரு, ஆள் கூட்டியாறேன்."

"ஐயா, மழை கணக்குப் பாத்துக்கினு நிக்காதுங்கய்யா!"

வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். டீக்கடையில் ஆள் கிடைத்தான். அவன் இருபது ரூபாய் கேட்டான். எட்டு ரூபாய்தான் நியாயம் என்று நம்ம ஆள் வகுத்துக் காட்டினார். அவன் பதினெட்டுக்கு இறங்கினான். இவர் மறுபடி வகுத்தார். பன்னிரண்டில் பேச்சு முடிந்தபோது கடைக் கூரையில் மழை மேளம் கொட்டிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து பார்த்தால், மூன்று பெண்களும் மூன்று மூலைகளின் மேல் குப்புறப் படுத்துக் கிடக்கிறார்கள். நான்காவது மூலை காற்றில் சடசடவென்று அடிக்கிறது. அந்தப் பக்கத்து உப்பு, வந்த வழியே கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. பாதி அம்பாரம் காலி.

மறுநாள் பத்து டன்னோடு லாரி கிளம்பியது. ஆறாயிரம் ரூபாய் கைக்கு வந்தது. சின்னப்பாப்பா இடுப்பில் கை வைத்து எதிரே நின்றாள்.

"ஐயா, நேத்து ஒரு மணி நேரம் மூணு பேரு மழையில கெடந்தோம். அதுலதான் இந்த ஆறாயிரம் மிஞ்சுது. எங்க ஒரு மணி நேரம் என்னா வெலைன்னு அந்த போன்ல கொஞ்சம் போட்டுப் பாருங்களேன்."

தெய்வசிகாமணி போட்டார். ஆறாயிரத்தை மூன்றால் வகுத்தார். திரையைப் பார்த்தார். இன்னொரு தடவை வகுத்தார். அப்புறம் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சொன்னார்: "எனக்கு இப்ப நேரமில்லம்மா."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இதைப் படிக்க உங்களுக்கு மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். அது எத்தனை ரூபாய் என்று உள்ளே ஒருவர் வகுத்துக்கொண்டிருக்கிறாரே, அவரைக் கொஞ்சம் தலை நிமிர்ந்து வானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுத் தார்ப்பாயிலும் ஒரு மூலை அடித்துக்கொண்டிருக்கலாம்.