யாரையும் நம்பாதவரின் பன்னிரண்டு சொற்கள்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. அடுத்து சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன் பிறகு நெடுங்காலம் உருப்படியாக ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, கடைசியில் யாரையும் நம்பாமல் பணம் சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்தது. அதற்குப் பெயர் கிரிப்டோ. அந்த மூன்றாவது கண்டுபிடிப்புக்காகத் தன் சொந்தபந்தம் அத்தனையையும் அர்ப்பணித்த ஒரு மகானின் வரலாறு இது. எழுந்து நின்று படிக்க வேண்டியது. உட்கார்ந்து படித்தாலும் பரவாயில்லை.

மகான் ஒரு டயர் கம்பெனிக் கிடங்கில் ஸ்டோர்கீப்பர். அவர் சேர்ந்திருந்த இணையக் குழுவின் பெயர் 'சிகரம் சுதந்திரப் பேரவை'. உறுப்பினர்கள் நாலாயிரம் பேர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. அதனால்தான் அவ்வளவு ஒற்றுமை. தலைவருக்குப் பெயர் 'அட்மின் அண்ணா'. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கழுகுப் படம் இருந்தது. தினம் காலையில் கழுகு பேசும்: "பேங்கை நம்பாதே. அரசாங்கத்தை நம்பாதே. சொந்தக்காரனை நம்பவே நம்பாதே." நாலாயிரம் பேரும் கும்பிடு பொம்மை போடுவார்கள். சிகரம் காயினை உண்டாக்கியது கழுகு. விற்றது கழுகு. விலை ஏறிவிட்டதென்று தினமும் படம் போட்டுக் காட்டியதும் அதே கழுகுதான். இந்த ஏற்பாட்டுக்குப் பேரவையில் 'அதிகாரப் பரவல்' என்று பெயர்.

மகானின் மனைவி தையல்காரி. வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுத் தைத்து வந்தாள். அவளுக்குப் பேராசை அதிகம். மருந்துக்கடைக்குப் பக்கத்தில் காலியான ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்துத் தன் பெயரில் போர்டு மாட்ட வேண்டுமாம். அதற்காக வளையலை விற்று, தைத்துச் சேர்த்ததையும் போட்டு, முன்பணம் தயாராக வைத்திருந்தாள். அந்தத் தொகையைத்தான் மகான் சிகரமாக மாற்றினார்.

"மூணே மாசம். ஒரு கடை என்ன, மூணு கடை எடுக்கலாம்" என்றார்.

"எனக்கு இருக்கிறது ரெண்டு கை. ஒரு கடை போதும்ங்க."

"உன் பார்வை ரொம்பக் குறுகினது."

"ஊசியில நூல் கோக்கிற பார்வை அப்படித்தான் இருக்கும்" என்றாள் அவள். "கடைக்காரர் இந்த வருஷக் கடைசி வரைக்கும்தான் பொறுப்பேன்னு சொல்லியிருக்கார். ஞாபகம் இருக்கட்டும்."

இனி பாதுகாப்பு. சிகரம் போனில் உள்ள ஒரு பெட்டகத்தில் கிடக்கும். அதற்குச் சாவி கிடையாது. பன்னிரண்டு சாதாரண ஆங்கிலச் சொற்கள்தான் சாவி. வரிசை பிசகாமல் போட்டால் எந்த போனிலும் பெட்டகம் திறக்கும். ஒன்று விட்டுப்போனாலும் கடவுளே வந்தாலும் திறக்காது. "இந்தச் சொற்களை எழுதி வைக்காதே, போனில் வைக்காதே, ஏன், உன்னையே நம்பாதே" என்று கழுகு உபதேசித்தது. மற்ற உறுப்பினர்கள் கைதட்டிவிட்டுச் சொற்களை பீரோவில் எழுதி வைத்தார்கள். நம் மகான் ஒருவர்தான் உபதேசத்தை நெஞ்சில் வாங்கி, தன்னையே நம்புவதை நிறுத்தினார். பன்னிரண்டு சொற்களையும் பன்னிரண்டு சொந்தக்காரர்களுக்கு ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார். போனிலிருந்து பெட்டகத்தையும் அழித்தார்.

சொந்தக்காரனை நம்பக் கூடாதே என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கேதான் அவருடைய மேதைமை. அவர் நம்பியது சொந்தக்காரர்களை அல்ல. அவர்களுக்குள் இருந்த பகையை. அந்தக் குடும்பத்தில் பேச்சுவார்த்தை இல்லாத ஜோடிகள் ஏராளம். மகானின் அக்காவும் தம்பி பெண்டாட்டியும் எலியும் பூனையும். அக்கா புருஷனும் தம்பியும் ஒரே தெருவில் வந்தால் ஒருவர் சந்தில் திரும்பிவிடுவார். இவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பன்னிரண்டு சொற்களைக் கோப்பது இந்த ஜென்மத்தில் நடக்காது. உலகின் பெரிய பூட்டுக் கம்பெனிகளுக்குக்கூடத் தோன்றாத பூட்டு!

விநியோகம் மிகுந்த கண்ணியத்துடன் நடந்தது. அக்கா புருஷனை வாசலுக்குத் தனியாக அழைத்து, "மாமா, நீங்க ஏழாவது. உங்க சொல், டாங்கி" என்றார்.

"யாரைப் பாத்துடா கழுதைங்கிறே?"

"உங்களை இல்ல மாமா, பெட்டகம் சொல்லுது."

"சரி, அது போகட்டும். ஏன் ஏழாவது? மூத்த மாப்பிள்ளை நான் இருக்கேன், முதல் இடம் யாருக்கு?"

முதல் இடம் மனைவிக்குப் போயிருந்தது. மூன்றாவது இடம் தம்பி பெண்டாட்டிக்கு, சொல் 'டர்ட்டில்'. "நான் மெதுவா வேலை செய்றேன்னு அக்கா சொல்லித்தானே ஆமைன்னு குடுத்தீங்க?" என்று அவள் மூக்கைச் சிந்தினாள். அக்காவுக்கு ஒன்பது கிடைத்தது. தம்பி பெண்டாட்டி மூன்று, தான் ஒன்பது என்பது தெரிந்த நாளிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. பகை கொழுந்துவிட்டு எரிந்தது. மகான் திருப்தியாக மீசையைத் தடவிக்கொண்டார். பெட்டகம் முன்னைவிடப் பத்திரமாகிவிட்டது.

ஆனால் எந்தப் பூட்டுக்கும் எண்ணெய் போட வேண்டும் அல்லவா? தம்பி பெண்டாட்டி ஒரு தரம் மனம் இளகி, "அக்காவுக்குக் காய்ச்சலாமே, போய்ப் பாத்துட்டு வரட்டுமா மாமா?" என்று கேட்டாள். மகான் பதறிப்போய், "உன் சமையல்ல உப்பு இல்லைன்னு சொன்னவங்களையா பாக்கப் போறே?" என்று நினைவூட்டினார். அவள் வாசல்வரை போன காலை இழுத்துக்கொண்டாள். இப்படியாகப் பராமரிப்புப் பணி தொய்வின்றி நடந்து வந்தது.

சிகரம் ஏறியது. கழுகு போட்ட படங்களில் கோடு கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. வருஷக் கடைசி நெருங்கியது. மனைவி கேட்டாள்:

"ஏறிடுச்சுன்னுதானே சொல்றீங்க? வித்துட்டு முன்பணத்தைக் குடுங்க. கடைக்காரர் வேற ஆளைப் பாக்குறாராம்."

"விற்பவன் கோழைன்னு அட்மின் அண்ணா சொல்லியிருக்கார்."

"அந்த அண்ணா விக்கிறாரே?"

"அவர் விக்கலை. 'வாய்ப்பளிக்கிறார்'."

அவள் அழவில்லை. கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள். பிறகு துணியை வெட்டினாள்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா புருஷன் மாடிப்படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். சொந்தபந்தம் முழுக்க ஆஸ்பத்திரிக்கு ஓடியது. மகானால் உடனே போக முடியவில்லை. பேரவையில் 'விற்கமாட்டோம்' உறுதிமொழி எடுக்கும் கூட்டம். நாலாயிரம் பேரோடு சேர்ந்து நெஞ்சில் கைவைத்துச் சத்தியம் செய்துவிட்டு, சாயங்காலமாக ஆஸ்பத்திரிக்குப் போனார். வராந்தாவில் அவர் கண்ட காட்சி எந்த எதிரிக்கும் வர வேண்டாம்.

அக்காவும் தம்பி பெண்டாட்டியும் ஒரே பெஞ்சில், ஒரே பிளாஸ்க்கிலிருந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே, தம்பி அக்கா புருஷனுக்கு முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டிருந்தான். நடுவில் மகானின் மனைவி எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தாள். பாதுகாப்பு அரண் கண்ணெதிரே இடிந்து கிடந்தது!

மகான் நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். அக்காவை ஓரமாக அழைத்து, "அக்கா, இவ உன்னைக் கருமின்னு சொன்னாளே, மறந்துட்டியா?" என்றார்.

"அட விடுடா. நான் சொல்லாததா? ஒரு யூனிட் ரத்தம் குடுத்துட்டு உக்காந்திருக்கா."

தம்பியிடம் போய், "மாமா உன் கல்யாணத்துக்கு வராததை நினைச்சுப் பாருடா" என்றார்.

"பாவம் அண்ணே, கால் உடைஞ்ச மனுஷன்."

"அப்ப உடையலையே!"

தம்பி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். படுக்கையிலிருந்து அக்கா புருஷன், "மாப்பிள்ளை, இந்த டாங்கியைப் பாக்க வந்தீங்களா?" என்று சிரித்தார். வார்டே சிரித்தது. மகானுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வெளியே வந்து பேரவையில், 'ஒற்றுமை என்பது பெரும் ஆபத்து' என்று எழுதினார். நாலாயிரம் பேரும் ஒற்றுமையாக ஆமோதித்தார்கள்.

வருஷக் கடைசிக்குச் சில நாள் முன்பு, மகான் கிடங்கில் டயர்களை எண்ணிக்கொண்டிருந்தபோது போன் பார்த்தார். பேரவையில் யாரும் எழுத முடியாதபடி அட்மின் அண்ணா பூட்டியிருந்தார். சிகரத்தின் விலை இருந்த இடத்தில் பூஜ்யமும், அதற்குப் பின்னால் புள்ளியும், மேலும் நிறையப் பூஜ்யங்களும் இருந்தன. கழுகு பறந்துவிட்டது. நாலாயிரம் பேரின் காசும் அதன் காலோடு போய்விட்டது.

மகானுக்கு மனைவி நினைவு வந்தது. அவளுடைய வளையல், அவளுடைய கடை! அந்த நிமிஷம் அவர் நிஜமாகவே அழுதார். அதை மறைக்கக் கூடாது. வீட்டுக்கு ஓடினார். முன்னறையில் மெஷின் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர், "மருந்துக்கடைகிட்டப் போய்ப் பாருங்க சார்" என்றார்.

அங்கே புதுப் போர்டு தொங்கியது. உள்ளே மனைவி மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

"முன்பணம்?" என்றார்.

"கட்டியாச்சு. போன மாசம் உங்க பெட்டகத்தைத் திறந்து வித்தேன். நம்மகிட்டத் துணி தைக்கிற மொபைல் கடைப் பொண்ணு கூடவே உக்காந்து காட்டிக் குடுத்தா. போட்டதுக்கு மேல கொஞ்சம் கிடைச்சுது. அதுல இந்த ஃபேனும் நாற்காலியும்."

"சொற்கள் எப்படிக் கிடைச்சுது?"

"ஆஸ்பத்திரியில நானா ஒண்ணும் கேக்கலை. எனக்கு ஏழு, உனக்கு மூணான்னு அவங்களே சண்டையை ஆரம்பிச்சு, அவங்களே சிரிச்சுட்டாங்க. யார் எந்த இடம்னு ஒருத்தருக்கும் மறக்கலை. கடைக்காகன்னு சொன்னேன். ஆளாளுக்குச் சொல்லைக் குடுத்துட்டாங்க."

மகான் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். மெல்ல மெல்ல அவர் முகத்தில் கண்ணீர் காய்ந்து, கொள்கை திரும்பியது.

"யாரைக் கேட்டு வித்தே?"

"பன்னெண்டு பேரையும் கேட்டுத்தான்."

அதற்குள் போன் அடித்தது. பறிகொடுத்தவர்கள் சேர்ந்து புதுக் குழு தொடங்கியிருந்தார்கள்: 'சிகரம் மறுமலர்ச்சிப் பேரவை'. அட்மின் முகத்துக்குப் பதில் இந்த முறை சிங்கம். இழப்புகளைப் பதிவு செய்யும்படி சிங்கம் கேட்டது. மகான் ஃபேனுக்கு அடியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, 'என் மனைவியே என் பெட்டகத்தைத் திருடிவிட்டாள்' என்று தட்டினார். ஆறுதல்கள் குவிந்தன. சொந்தக்காரனை நம்பக் கூடாதென்று அப்போதே சொன்னோமே என்று சிங்கம் உருகியது.

அவள் எட்டிப் பார்த்துப் படித்தாள். கோபப்படவில்லை. "நாலாயிரம் பேர் காசைக் கழுகு கொண்டுபோச்சே, அதுக்கு என்னங்க பேரு?"

"அது 'சந்தைச் சரிவு'."

"நான் என் காசை எடுத்ததுக்கு?"

"திருட்டு."

"அப்ப எந்திரிங்க" என்றாள் அவள், நூலைப் பல்லால் கடித்து அறுத்தபடி. "அது திருட்டுக் காசுல வாங்கின நாற்காலி."

மகான் கொள்கைவாதிதான். ஆனால் வெளியே நல்ல வெயில். உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.