ஐந்து கரைப் படிப்பு

திருநகர்
9.7.1983

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை நல்லகாமன் அவர்களுக்கு, உங்கள் மச்சான் விருமாண்டி எழுதிக்கொள்வது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம். அங்கே கல்லுப்பட்டியில் நீங்களும் தங்கச்சி அன்னக்கொடியும் உழவு மாடு இரண்டும் சுகமாக இருப்பதாகவே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்து படிக்கவும்.

உங்கள் மகள் ஜெயக்கொடிக்கு ஆவணியில் பேசி வைத்திருக்கிற கல்யாணத்தை மூன்று வருஷம் தள்ளிப் போடவேண்டும். கடிதத்தை மடக்காமல் மேலே படியுங்கள். தாய்மாமன் நான் மாலை எடுத்துக் கொடுக்காமல் எந்தக் கல்யாணமும் நடக்காது என்பது உங்களுக்கே தெரியும். அதைச் சொல்லி மிரட்டுகிற ஆள் நானில்லை, சும்மா ஞாபகப்படுத்தினேன்.

நான் வேலை பார்க்கிற பல்கலைக்கழகத்து நூலக அறிவியல் துறையில்தானே பிள்ளை எம்.ஏ.வுக்குச் சமமான படிப்பை முடித்திருக்கிறாள். அங்கே நான் அட்டெண்டர் என்பது சம்பளப் பட்டியலில் எழுதுகிற பேர்தான், நான் ஒரு நாள் லீவு போட்டால் துறைத் தலைவர் பேச்சிமுத்து அய்யாவுக்குத் தன் மூக்குக்கண்ணாடி எங்கே இருக்கிறதென்று தெரியாது. அந்த அய்யாதான் இப்போது புதிதாக ஒரு பி.எச்.டி. பிரிவு தொடங்குகிறார். உலகம் முழுவதையும் ஒன்றாக வைத்து ஆராய்வது. ஒரு நாட்டுக்காரன் கண்டுபிடித்த சங்கதி இன்னொரு நாட்டுக்காரன் கைக்கு எப்படிப் போகிறது, எந்தப் பாஷையில் போகிறது, வழியில் எவன் அமுக்கி வைக்கிறான் என்று பார்க்கிற படிப்பு. இதற்கு நூலகம் மட்டும் போதாது, வரலாறு, பொருளாதாரம், புவியியல், மொழியியல் எல்லாம் வேண்டும். இந்தியாவில் எங்கும் கிடையாது. அமெரிக்காவில் இருக்கிறதாம், ஆனால் இம்புட்டுச் சுத்தமாக இருக்காது என்று நான் நினைக்கிறேன்.

இதைப் பார்த்து அனுமதி கொடுக்க டெல்லியிலிருந்து குழு வருகிறதென்று போன வாரம் தந்தி வந்தது. விடிந்தால் குழு, இன்னும் விதிமுறை எழுதி முடியவில்லை. முடியாவிட்டால் படிப்பு வேறு ஊருக்குப் போய்விடும், நம்ம பிள்ளைக்கும் இடம் இல்லை. ஐந்து துறைத் தலைவர்களும் ஒரு அறையில் உட்கார்ந்து காலையிலிருந்து ஒரே கேள்வியில் நிற்கிறார்கள், பட்டத்தில் யார் கையெழுத்து முதலில் என்று. வரலாற்றுத் துறை வீரணன் அய்யா, "வரலாறு இல்லாம உலகம் ஏதுய்யா, மொதக் கையெழுத்து நாங்கதான்" என்கிறார். பொருளாதாரத்துக்காரர், "உலகத்த இன்னைக்கு ஓட்டுறதே யாவாரம், நீங்க செத்துப்போன ராசாவக் கட்டிக்கிட்டு அழுங்க" என்கிறார். புவியியல்காரர் உலக உருண்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டார், அது அவர் துறைச் சொத்தாம்.

நான் டீத் தட்டைக் கீழே வைத்தேன். "அய்யா, இது எங்க ஊருல வருசா வருசம் நடக்கிற சண்டைதான். கோயில் கும்பிடுக்கு ஊரையே அஞ்சு கரையா, அஞ்சு பங்காளிக் கூட்டமாப் பிரிச்சிருக்கோம். சாமி எந்தக் கரைக்கும் சொந்தமில்ல. மொத மரியாத வருசத்துக்கு ஒரு கரைக்கு, முறை வச்சுப் போகும். நீங்களும் அஞ்சு கரையாகிருங்க. நூலகக் கட்டடம் கோயில் வீடு மாதிரி, அது எல்லாருக்கும் பொது" என்றேன். சரி, ஆரம்பித்தாயிற்றென்று மேலே போனேன். "படிக்கிற பிள்ளைக்கு ரெண்டு வழிகாட்டி வேணும். ரெண்டும் ஒரே துறையா இருக்கப்படாது. அது பங்காளிக்குள்ள சம்பந்தம் பண்ணுற மாதிரி, ஊர் ஒத்துக்காது. ஒருத்தர் இந்தக் கரை, ஒருத்தர் அந்தக் கரை."

வீரணன் அய்யா சிரித்துவிட்டார். "என்னய்யா விருமாண்டி, பி.எச்.டி.க்குச் சம்பந்தம் பேசச் சொல்றியா?"

"ஆமாங்கய்யா. மாமன் மச்சான் ஆகிட்டா வெட்டுக்குத்து கொறையும்."

பேச்சிமுத்து அய்யா பேனாவைத் திறந்து நான் சொன்னதை அப்படியே எழுதினார் மாப்ள, அப்படியே. உலக உருண்டையும் திரும்பி வந்தது.

மறுநாள் ஒரு சின்னத் தப்பு நடந்துபோனது. கரை என்று வந்துவிட்ட பிறகு பரிவட்டம் கட்டாமல் எப்படி? முறைப்படி இந்த வருஷம் வரலாறு. கூட்டம் தொடங்கியதும் வீரணன் அய்யா தலையில் பட்டுத்துணியைச் சுற்றி மாலையும் போட்டேன். பொருளாதாரத்துக்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். எல்லாம் கெட்டது என்று நினைத்தேன். ஆனால் டெல்லித் தலைவர் இருக்கிறாரே, ஏழெட்டு நாடு பார்த்தவர், காலணியைப் பார்த்தாலே தெரியும், அவர் இது பட்டமளிப்பு வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துத் தானும் தலையைக் குனிந்து காட்டினார். கட்டிவிட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம். அவர் முன்னால் மற்றவர்கள் என்ன செய்வார்கள், உட்கார்ந்துவிட்டார்கள்.

பிறகு அவர், "இதையெல்லாம் யார் வந்து படிப்பார்கள்?" என்று இங்கிலீஷில் கேட்டார். எனக்கு அந்த அளவுக்கு இங்கிலீஷ் தெரியும். "என் தங்கச்சி மக இருக்கா" என்று சொல்லிவிட்டேன், கொஞ்சம் சத்தமாகவே. புத்தக அடுக்கிலிருந்து தூசியோடு வந்து நின்றாள் பிள்ளை. என்ன பேசினாள் தெரியுமா?

"எங்கய்யா வயல்ல ரெண்டு வருசத்துக்கு முந்தி காய்ப்புழு அம்புட்டுப் பருத்தியையும் தின்னுருச்சு. இதே மாதிரிப் புழு வேற தேசத்துலயும் தின்னுருக்கு, என்ன செய்யணும்னு அவுக எழுதியும் வச்சிருக்காக. அந்த அறிக்கை இந்த நூலகத்துலயே கட்டுப் பிரிக்காமக் கெடக்கு. அது ஏன் எங்கய்யா கைக்கு வந்து சேரலைங்கிறதுதான் நான் கேக்கப் போற கேள்வி."

பேச்சிமுத்து அய்யா அதை இங்கிலீஷில் சொன்னார். டெல்லிக்காரர் பரிவட்டத்தைக் கழற்றிவிட்டுக் குறிப்பெழுதினார். அனுமதி கிடைத்தாயிற்று. முதல் இடம் நம்ம பிள்ளைக்கென்று அய்யா வாயால் சொல்லிவிட்டார். அந்த வருஷம் நீங்கள் களத்தில் வெறுங்கையோடு நின்றதை அவள் யாரிடமும் சொல்லி அழுததில்லை, இப்போது உலகத்தைக் கூட்டி வைத்துக் கேட்கப் போகிறாள். ஜெயக்கொடிக்குப் பேசிய மாப்பிள்ளை வீட்டாரிடம் நான் பேசிக்கொள்கிறேன். இத்துடன் உள்ள சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டு வரும் வெள்ளிக்குள் அனுப்பவும். இந்தப் படிப்பை உண்டாக்கியவன் தாய்மாமன் என்று ஊரில் நாலு பேர் காதில் விழும்படி சொல்லவும்.

தங்கச்சிக்கு என் ஆசி. உங்கள் வயலில் மழையும் வீட்டில் நல்ல பேச்சும் குறையாமல் இருக்க அழகர் துணை.

இப்படிக்கு,
மச்சான் விருமாண்டி

பி.கு: மேலே எழுதிய எதையும் யாரிடமும் சொல்ல வேண்டாம். உறையை ஒட்டப் போகிற நேரத்தில் பேச்சிமுத்து அய்யா கூப்பிட்டனுப்பினார். இந்தத் திட்டத்தை உருவாக்கியவர்களின் சொந்தக்காரர்களுக்கு இடம் கிடையாதென்று ஒரு விதி இருக்கிறதாம், பொருளாதாரத்துக்காரர் எடுத்துக் காட்டிவிட்டார். "விருமாண்டி, இதுல உன் பங்கு என்னன்னு எழுதிக் குடு" என்றார் அய்யா, முகத்தைப் பார்க்காமல். பிள்ளை கதவோரம் நின்றாள். இப்படி எழுதிக் கொடுத்துவிட்டேன்: அன்று நான் டீ கொண்டுபோனேன், வைத்தேன், வந்துவிட்டேன். வாயே திறக்கவில்லை. கரை என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. பரிவட்டம் யாரோ கட்டியது. கையெழுத்தும் போட்டாயிற்று. யாராவது வந்து கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லுங்கள். கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடவும். போடுவதற்கு முன்னால் அன்னக்கொடிக்கு மட்டும் ஒரு தடவை சத்தமாக வாசித்துக் காட்டவும்.