மேகக் கிடங்கிலிருந்து இறங்கி வந்த குதிரை

பெருமதிப்பிற்குரிய கெரிம்பெக் மாமா அவர்களுக்கு,

தங்கள் அக்காள் மகள் பெர்மெத் தலை வணங்கி எழுதுவது. இங்கே மனிதர்கள் நலம், மந்தையும் நலம், ஒரு செம்மறிக்குட்டி மட்டும் இருமுகிறது. ருஷ்யாவின் நோவோசிபிர்ஸ்கில் தாங்களும் தங்கள் லாரியும் குளிரில் உறையாமல் இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் வேண்டிக்கொள்கிறார்.

தாங்கள் படங்களைச் சேர்த்து வைக்கும் இணைய மேகக் கிடங்கிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் பதினாறு எச்சரிக்கைகள் வந்தனவாம். எவனோ திருடன் புகுந்துவிட்டான் என்று தாங்கள் கடவுச்சொல்லை மாற்றிவிட்டீர்களாம். அந்தத் திருடன் நான்தான், மாமா. போனில் சொல்லப் பார்த்தேன். துணிவு வரவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

கோச்கோர் குதிரைப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தது நம் செங்குதிரையா, சகின்பெக்கின் கருங்குதிரையா என்பதுதான் வழக்கு. முதல் மூன்று குதிரைகள்தான் தலைநகர் பிஷ்கெக்கின் பெரும்பந்தயத்துக்குப் போகும். குளிர்காலமெல்லாம் தன் கோட்டை அந்தக் குதிரைக்குப் போர்த்திவிட்டுத் தான் நடுங்கியவர் அப்பா. தாங்கள் வாங்கித் தந்த பறக்கும் கேமரா ஏழு சுற்றையும் மேலிருந்து பிடித்திருந்தது. படத்தைத் தங்கள் கிடங்கில் ஏற்றிய கையோடு, கேமராவில் இடம் வேண்டும் என்று அதிலிருந்து அழித்தும்விட்டோம். அப்பா பந்தயத்துக்குத் தீர்ப்புச் சொல்லும் மூன்று வெண்தாடிப் பெரியவர்களையும், சகின்பெக்கையும், அவர் உறவையும், நம் தெருவையும் ஞாயிறு மதியம் வீட்டுக்கு அழைத்தார். மொத்தம் இருபத்து மூன்று பேர். நம் குடும்பத்தின் முதல் பட்டதாரி என்பதால், சலவை இயந்திரம் முதல் பக்கத்து வீட்டு வாசல் மணி வரை எல்லாம் என் பாடத்தில் இருந்தன என்று அப்பாவுக்கு நம்பிக்கை. "வானத்துல இருக்கிறதை எங்க பொண்ணு இறக்கிக் காட்டுவா" என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தார்.

தங்கள் கிடங்கை என் மடிக்கணினியில் இன்னொரு வன்வட்டு போலப் பொருத்தி, கம்பியைத் தொலைக்காட்சியில் செருகினேன். எந்த நாட்டிலோ ஒரு குளிரறைப் பெட்டிக்குள் நம் குதிரை கிடக்கிறது, இங்கே சிறு மஞ்சள் கோப்புறையாகத் தெரிகிறது. இது எப்படி என்று நான்கு வருடம் படித்திருக்கிறேன். இருந்தும் அது திறக்கும் ஒவ்வொரு முறையும் என் கைகளில் மயிர் சிலிர்க்கிறது.

குதிரைகள் கிளம்பின, பத்தடி ஓடின, நின்றன. திரையின் நடுவில் ஒரு வளையம் சுற்றத் தொடங்கியது.

"குதிரைக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார் பெரியவர் அசனாலி. மூவரில் மூத்தவர் அவர்.

"யோசிக்குதுங்க ஐயா" என்றார் அப்பா, எனக்கு முந்தி.

"பந்தயத்துல நின்னு யோசிச்சா நாலாவதாத்தான் வரும்" என்றார் சகின்பெக்.

நான் தேடினேன். தங்கள் கிடங்கில் நானூறு படங்கள் இருக்கின்றன, மாமா, பாதி தங்கள் லாரியின் முன்கண்ணாடி வழியே எடுத்தவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு முகப்புப் படம் காட்டுவதற்காக என் மடிக்கணினி நானூறையும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினேன், குதிரைகள் இருபதடி ஓடின. படத்தை முன்கூட்டியே கொஞ்சம் வாங்கிச் சேர்த்து வைக்கச் சொன்னேன். ஆனால் மடிக்கணினியில் இடமில்லாததால் என் கல்லூரிக் காலத்துப் பென்டிரைவில் சேர்க்கச் சொல்லிவிட்டேன், அது மேகத்தைவிட மெதுவானது என்று பிறகுதான் தெரிந்தது. பழைய பாடங்களையெல்லாம் அழித்துவிட்டு மடிக்கணினியிலேயே இடம் பண்ணினேன். அவசரத்தில் நான் திரும்பத் திரும்பக் கதவைத் தட்டியதில் தங்கள் கிடங்குக்குக் கோபம் வந்து, 'அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள், பிறகு வாருங்கள்' என்று தொலைக்காட்சியில் பெரிய எழுத்தில் அறிவித்தது. அசனாலி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை உரக்கப் படித்தார்.

"பிறகு வரணுமா? ஒரு கிண்ணம் டீகூடக் குடுக்காம வாசல்லயே திருப்பி அனுப்புதே, யார் வீடு இது?"

"என் மச்சான் கெரிம்பெக்கோட கிடங்குங்க" என்றார் அப்பா மெதுவாக.

"ஓ. அவன் ஊரை விட்டுப் போய் ரொம்ப நாளாச்சு போல."

இதைத் தங்களுக்கு எழுதலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.

கால் மணி நேரத்தில் கிடங்கின் கோபம் தணிந்தது. ஆனால் குதிரைகள் நடந்தன, ஓடவில்லை. எனக்கு அழுகை வந்தது. அழாமல் இருப்பதற்காக அறையைப் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது. இருபத்து மூன்று பேரும் குனிந்து அவரவர் போனில் ஏதோ படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விருந்தாளி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வைஃபை கடவுச்சொல்லைச் சொல்லிவிடுவது அம்மாவின் வழக்கம் என்பது தங்களுக்குத் தெரியும். நம் படம் நின்றதால் அவர்களுக்கு அலுத்தது, அலுத்ததால் போனைத் திறந்தார்கள், திறந்ததால் நம் படம் இன்னும் நின்றது. வந்தவர்களிடம் போனை அணையுங்கள் என்று சொல்வது எப்படி? பாதி குடித்த டீயைக் கையிலிருந்து பிடுங்குவது போலாகாதா?

சமையலறைக்குப் போனேன்.

"அம்மா, கறியை இப்பவே வைங்க."

"உனக்கென்ன பைத்தியமா? டீ இன்னும் ரெண்டாவது சுத்தே வரலை. இப்பக் கறி வெச்சா, சாப்பிட்டுக் கிளம்புங்கன்னு அர்த்தம். உங்கப்பா மானமே போயிடும்."

"கையில கொழுப்பு ஒட்டினா யாரும் போனைத் தொட மாட்டாங்கம்மா."

அம்மா கதவு இடுக்கு வழியே இருபத்து மூன்று பேரின் கைகளையும் ஒரு முறை பார்த்தார். அண்டாவின் மூடியைத் திறந்தார்.

நான் செம்பும் தொட்டியுமாகப் போய் ஒவ்வொருவர் கையிலும் தண்ணீர் ஊற்றினேன். ஒவ்வொருவராகப் போனை ஜன்னல் திட்டில் வைத்தார்கள். அப்பாவின் காதுகள் சிவந்தன. அசனாலிக்கு இடுப்பெலும்பு, மற்றவர்களுக்கு அவரவர் வயதுக்குரிய எலும்பு என்று போய்ச் சேர்ந்ததும் நான் படத்தை முதலிலிருந்து போட்டேன். மாமா, அது ஓடியது.

நாம் குதிரையைக் காலிலும் பல்லிலும் அறிந்தவர்கள். ஓடும் குதிரையின் முதுகை மேலிருந்து அங்கே யாரும் பார்த்ததில்லை. பன்னிரண்டு முதுகுகள் தண்ணீருக்குள் மீன் போல வளைந்து போயின, பின்னால் புழுதி நூலாக நீண்டது. செங்குதிரையின் பிடரி மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரிந்தது. அந்த மயிர் துண்டு துண்டாகி, கடல்களையும் பனிக் கணவாய்களையும் தாண்டி வந்து, நம் வீட்டில் மறுபடி மயிராகிறது. யாரும் மெல்லவில்லை.

மெல்லாதவரை நல்லது என்று நினைத்தேன். கறி முடிந்தால் அசனாலி கையேந்தி ஆசி சொல்வார், ஆசி சொன்னால் எல்லோரும் எழுந்து போயே ஆக வேண்டும். ஆனால் ஐந்தாம் சுற்றில் அவருக்குப் பசி நினைவுக்கு வந்தது. அவருக்கு நான்கு பற்கள்தான், ஆனால் கத்தி கூர்மையானது. அப்பா திரையைப் பார்க்கவில்லை, அசனாலியின் எலும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாம் சுற்றில் எலும்பு வெண்மையாகிவிட்டது. அசனாலி கைகளைத் துடைத்து மேலே ஏந்தினார். அந்த நொடியில் இரண்டு குதிரைகளும் முடிவுக் கோட்டைத் தொட்டன. ஏந்திய கைகள் அப்படியே நின்றன.

செங்குதிரை, ஒரு மூக்கு முன்னால்.

"மேல இருந்து பார்த்தாலும் என் குதிரைதான் அழகு" என்றார் சகின்பெக். பிறகு அப்பாவின் கையைப் பிடித்தார். நம் குதிரை பிஷ்கெக் போகிறது, மாமா. கிடங்கை இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டி இழுத்த நானும் அதற்குக் கொஞ்சம் காரணம் என்று அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்கள் பாதைகள், நம் ஊர் வாழ்த்துப்படி, வெண்மையாகவும் சக்கரங்கள் காற்று இறங்காமலும் இருக்கட்டும். பெரியவர்களுக்கு வணக்கமும் சிறியவர்களுக்கு முத்தமும்.

பணிவுடன்,
பெர்மெத்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது அசனாலி ஐயா அப்பாவுக்குப் போன் செய்தார். பேச்சு எனக்கும் கேட்டது. "ஜுமாபெக், உன் குதிரை பேரை, படம் பார்க்க வர்றதுக்கு முந்தியே, வெள்ளிக்கிழமையே எழுதி அனுப்பிட்டோம்பா. முடிவுக் கோட்டுப் பக்கத்துல நின்னதே நாங்க மூணு பேர்தானே, எங்களுக்குத் தெரியாதா? சகின்பெக்குக்கும் அன்னைக்கே தெரியும். வழக்கை விட்டுட்டா நீ படம் பார்க்கக் கூப்பிட மாட்டியேன்னுதான் வம்பு பண்ணிட்டிருந்தான். அடுத்த ஞாயிறு வரலாமா?" அப்பா போனை வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "வரட்டும். அந்த எலும்பைப் பார்த்துட்டிருந்ததுல, குதிரையை நான்தான் பார்க்கவே இல்லை" என்றார்.