விரிப்பில் எழுதிய தீர்ப்பு

"அது என் தங்கச்சி கல்யாண நாளுக்குக் குடுத்த விரிப்பு, வில்ஃப்..."

"ஊரே முழுகிக்கிட்டிருக்கு, நீ விரிப்பு..."

"முழுகுறது உன் டீமு. ஊரு எடத்துலதான் இருக்கு. பிரஷ்ஷக் கீழ வை!"

"இன்னும் ரெண்டே எழுத்து, எட்னா."

சமையலறைத் தரையில் இரட்டைக் கட்டில் விரிப்பு மல்லாந்து கிடந்தது. அதில் சிவப்பு வண்ணத்தில்: 'ஹாலிவெல், வெளியே போ.'

ஹேக்கன்பி டவுன் கால்பந்து அணி கடைசியாக ஜெயித்துப் பதினோரு ஆட்டங்கள் ஆகியிருந்தன. சீசனில் பாக்கி மூன்று. இப்படியே போனால் அடுத்த வருடம் கீழ்ப்பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். மேனேஜர் ஹாலிவெல் லாயக்கில்லை என்று பப்பில் எப்போதோ தீர்ப்பாகிவிட்டது. அவருக்குத்தான் இன்னும் தகவல் போகவில்லை.

தீர்ப்பு சொன்னவர் எட்னாவின் புருஷன் வில்ஃப். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். கால்பந்தில் அவருக்குத் தெரியாதது பந்தை உதைப்பது ஒன்றுதான். "அடுத்த சீசன்லயும் அந்தாளு இருந்தான்னா, என் சீட்ட விட்டுர்றேன்!" என்று எல்லோர் முன்னாலும் சபதமும் போட்டிருந்தார். மைதானத்தில் அப்பா காலத்திலிருந்து குடும்பத்துக்கென்றே இருக்கும் இருக்கை அது. அங்கிருந்து பார்த்தால் பாதி கோல் தூணுக்குப் பின்னால் மறையும். இந்த வருடம் அதுவே ஒரு சௌகரியம்.

சனிக்கிழமை ஆட்டம் தொடங்குமுன், வில்ஃபும் சிநேகிதர் ஸ்டானும் விரிப்பைப் பார்வையாளர் வரிசைக் கம்பியில் கட்டினார்கள். ஹாலிவெல் வெளியே வந்தார். கோட்டுப் பையில் கை விட்டபடி அண்ணாந்து இரண்டு முறை படித்தார். உள்ளே போய்விட்டார்.

ஹேக்கன்பி இரண்டு கோலில் ஜெயித்தது.

"பயந்துட்டான் பாத்தியா?" என்றார் வில்ஃப்.

"பயந்து ஜெயிச்சுட்டானே, அதான்டா வம்பு," என்றார் ஸ்டான்.

வில்ஃப் யோசித்தார். விரிப்பால் ஜெயித்தால் ஹாலிவெல் தங்கிவிடுவான். தங்கினால் சீட்டு போய்விடும். அடுத்த வாரம் விரிப்பை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்.

நாலு கோலில் தோல்வி.

"விரிப்பு எங்கடா?" என்று பின் வரிசை கத்தியது.

"வீட்டுல..."

"உன்னாலதான்டா தோத்தோம்! அந்த மனுசன் என்ன பண்ணுவாரு பாவம்!"

அந்த சீசனில் ஹாலிவெல்லைப் பாவம் என்று யாரோ சொன்னது அதுதான் முதல் தடவை.

கடைசி ஆட்டத்தன்று காலை ஸ்டான் ஏழு பேரோடு வாசலில் நின்றார். "எட்னா, விரிப்பக் குடு."

"மூணு தடவ துவைச்சுப் போட்டிருக்கேன். எழுத்தெல்லாம் போயிருச்சு."

எட்டுப் பேரும் வில்ஃபைப் பார்த்தார்கள். வெளிறிய அதே விரிப்பின் மேல், அதே பிரஷ்ஷால், அதே வசவை அவரே மறுபடி எழுதினார். புது விரிப்பில் எழுதினால் ராசி இருக்காதாம்.

கடைசி நிமிடத்தில் ஒரு கோல். ஹேக்கன்பி தப்பித்தது. வில்ஃபைத் தோளில் தூக்கிச் சுற்றினார்கள். அழுதார், எதற்கென்று யாரும் கேட்கவில்லை. திங்கட்கிழமை நிர்வாகம் ஹாலிவெல்லுக்கு இன்னும் மூன்று வருடம் ஒப்பந்தம் கொடுத்தது.

செவ்வாயன்று வில்ஃப் சீட்டை ஒப்படைக்கக் கிளப்புக்குப் போனார். டீ போடும் டோரீன் ஒரு கோப்பையை நீட்டினாள்.

"போகட்டும் டோரீன்," என்றார் வில்ஃப். "விரிப்பு கட்டலேன்னாலும் அந்தாளு அட்டையாட்டம் ஒட்டிக்கிட்டுத்தான் இருந்திருப்பான்."

"எங்க இருந்திருப்பாரு, கண்ணு," என்றாள் டோரீன், சர்க்கரையைக் கலக்கியபடி. "நீ விரிப்பு கட்டுன மொத சனிக்கிழமையே ராஜினாமாக் கடுதாசியக் கோட்டுப் பையில வச்சுக்கிட்டுத்தான் வந்தாரு. வெளிய போயி உன் விரிப்பப் படிச்சிட்டு வந்து, 'இவன் சொல்லி நான் போனதா ஆயிரக் கூடாது'ன்னு கிழிச்சு என் குப்பக்கூடையிலதான் போட்டாரு."