தொண்ணூற்று நாலாம் வருஷத்து பாட்டில்

இந்த ஆவணி முடிவதற்குள் என் மனைவியை ஒரு தடவையாவது சிரிக்க வைத்துவிடுவது என்று தீர்மானம் செய்தேன்.

அபயாம்பாள் சிரிக்கத் தெரியாதவள் அல்ல. பக்கத்து ஃபிளாட் வந்தனாவோடு பேசும்போது சிரிப்பாள். கோபர்கைரனேயில் இருக்கும் எங்கள் பெண்ணோடு போனில் சிரிப்பாள். மாட்டுங்கா மார்க்கெட்டில் வெண்டைக்காய்க்காரனோடு மராத்தி பேசிச் சிரிப்பாள். நான் உள்ளே நுழைந்ததும் நிறுத்திவிட்டு, "என்ன வேணும்?" என்று கேட்பாள். எனக்கு அதுதான் வேண்டும். அதை எப்படிக் கேட்பது?

என்னைப் பார்த்து அவள் சிரித்தது ஒரே ஒரு சாயங்காலம். 1994. கல்யாணமாகிப் பத்தாம் நாள் கோவா போயிருந்தோம். பஞ்சிமில் நாங்கள் தங்கின வீட்டுக்காரம்மா, திராட்சை ரசம் என்று சொல்லி இரண்டு சின்னக் கிளாஸ்களை நீட்டினாள். அபயம் ஒரே மடக்கில் குடித்தாள். அது போர்ட் வைன் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆற்றங்கரையில் உட்கார்ந்து என் மீசையைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தவள், இருட்டும் வரை நிறுத்தவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய, என் தோளில் தலையை முட்டி முட்டிச் சிரித்தாள். மறுநாள் எழுந்து முகத்தை அலம்பிக்கொண்டு, குடித்தனம் நடத்தத் தொடங்கினாள். முப்பது வருஷமாக நன்றாகவே நடத்துகிறாள். எனக்குத்தான் அந்தச் சாயங்காலத்தின் ஏக்கம் போகவில்லை. மீசையை எடுத்துப் பார்த்தேன், திரும்ப வைத்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

போன வருஷம் ஆபீஸில் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் இருந்தால் காலுக்குள் சிக்குகிறேன் என்று அபயம் வெளியே அனுப்பினாள். அப்படிப் போய்ச் சேர்ந்த இடம்தான் செம்பூரில் நயினார் வீடு.

நயினார் திருநெல்வேலிக்காரர். சரக்குக் கப்பலில் முப்பது வருஷம் சமையல். போர்ச்சுகலில் கப்பல் நின்றபோதெல்லாம் போர்ட் வைன் வாங்கி, குடித்து, அதில் பெரிய பண்டிதராகிவிட்டார். அவரும், பேங்கில் இருந்த வானமாமலையும், நானுமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு விளையாட்டு ஆடுவோம். நயினார் பாட்டிலுக்கு ஒரு கம்பளி சாக்ஸை மாட்டி லேபிளை மறைத்துவிடுவார். ஆளுக்கு ஒரு விரற்கடை ஊற்றிக்கொள்ள வேண்டும். மோந்து, நாக்கில் உருட்டி, எந்த ஊர்ச் சரக்கு, பீப்பாயில் எத்தனை வருஷம் கிடந்தது என்று ஊகிக்க வேண்டும். பாட்டில் இடது பக்கத்து ஆளுக்குத்தான் போகலாம். அது வெள்ளைக்காரன் சம்பிரதாயம். வலது கையால்தான் கொடுக்கலாம். அது நம் சம்பிரதாயம். இரண்டையும் காப்பாற்றப் போய் வானமாமலைக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

நான் ஒரு தடவைகூடச் சரியாகச் சொன்னதில்லை. நயினார் உலர்ந்த அத்திப்பழம் என்பார், வானமாமலை பழைய தோல் செருப்பு என்பார். என் வாயில் "நன்னா இருக்கு" என்பதற்கு மேல் வராது.

ஆடி பிறந்த அன்று நயினார் பீரோவைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்தார். கறுப்புக் கண்ணாடி, மெழுகு வைத்த மூடி.

"தொண்ணூத்தி நாலு," என்றார். "அந்த வருசத்துத் திராட்சை மாதிரி அப்புறம் வாய்க்கல. இந்த ஆவணில ஒரு போட்டி வைப்போம். ஜெயிக்கவுகளுக்கு இது. அதுவரைக்கும் சனிக்கிழமை ஆட்டம் கிடையாது."

தொண்ணூற்று நாலு. என் கல்யாண வருஷம். பாட்டில் என்னை முறைத்துப் பார்த்ததுபோல் இருந்தது. எங்கள் முப்பதாவது கல்யாண நாள் அன்று இதைத் திறந்து, அபயத்தை எதிரே உட்கார வைத்து, ஒரே ஒரு கிளாஸ். எனக்கு வேறு ஆசை கிடையாது.

எனவே மூக்குக்குப் பயிற்சி கொடுக்க முடிவு செய்தேன். பத்து வருஷம் பீப்பாயில் இருந்த சரக்கில் அரை பாட்டில் நயினாரிடம் வாங்கிக்கொண்டு வந்தேன். எங்கே ஒளித்து வைப்பது? பெண்ணின் பிரசவத்துக்கு வாங்கின தசமூலாரிஷ்டத்தின் காலி பாட்டில் ஒன்று சமையலறை அலமாரியில் இருந்தது. அதே நிறம், அதே தித்திப்பு. அதில் ஊற்றி வைத்தேன். இந்த யோசனை எனக்குத் தோன்றியதை எண்ணி இரண்டு நாள் மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

முதல் வாரம் ஜலதோஷம். பம்பாய் மழையை உங்களுக்குத் தெரியும். மூக்கு திறந்த பிறகுதான் பயிற்சியை ஆரம்பித்தேன். அபயம் நாராயணீயம் வகுப்புக்குப் போகும் பதினோரு மணிக்குத் தினமும் ஒரு மூடி. ஒருநாள் அவள் குடை எடுக்கத் திரும்பி வந்துவிட்டாள்.

"என்னன்னா அது?"

"தசமூலாரிஷ்டம்."

"அது பிள்ளை பெத்தவா சாப்பிடறது. நீங்க எப்போ பெத்தேள்?"

"இடுப்பு வலிக்கறது."

"எத்தனாம் மாசம்?"

 அவள் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். மூடியை இறுக்கித் திரும்ப வைத்தாள்.

"அளவா சாப்பிடுங்கோ," என்று சொல்லிவிட்டுக் குடையோடு போனாள். பாவம், ஒன்றும் தெரியாதவள் என்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

என் மூக்கு நாளுக்கு நாள் கூர்மையாயிற்று. நோட்டுப் புத்தகம் போட்டு எழுதினேன். முதல் மோப்பம், சுக்கு. இரண்டாவது மோப்பம், திப்பிலி. நாக்கின் அடியில் கொஞ்சம் வேர்க் கசப்பு. முடிவில் வெல்லம். இத்தனை நாள் இது எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? வெள்ளைக்காரன் சுக்கை எங்கிருந்து வாங்கியிருப்பான் என்று யோசித்தேன். கோழிக்கோட்டிலிருந்து கப்பலில் போயிருக்கும் என்று சரித்திரத்தைத் துணைக்கு அழைத்துச் சமாதானம் செய்துகொண்டேன்.

போட்டிச் சனிக்கிழமை வந்தது. மறுநாள் ஞாயிறு எங்கள் கல்யாண நாள். நயினாரின் மனைவி பேராச்சி ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். "வாராவாரம் கதவைச் சாத்திக்கிட்டு என்னத்த மோந்து பாக்கியன்னு நாங்களும் பாக்கணும். எல்லாரும் வீட்டுக்காரியக் கூட்டிட்டு வாங்க. வந்தவுக எல்லாரும் ஆடலாம்." வானமாமலையின் மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். நான் மாட்டிக்கொண்டேன். அபயத்திடம் விஷயத்தை மென்று விழுங்கிச் சொன்னபோது, "போர்ட்டா? ஓகோ," என்று மட்டும் சொல்லிப் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

மேஜையில் சாக்ஸ் போட்ட மூன்று பாட்டில்கள். முதலில் வானமாமலை. கண்ணை மூடி ஐந்து நிமிஷம் நாக்கில் உருட்டி, மூன்றில் ஒன்றைச் சரியாகச் சொன்னார். "க்யா பாத் ஹை," என்று தானே தன் தொடையைத் தட்டிக்கொண்டார்.

அடுத்து நான். முதல் கிளாஸை மோந்தேன். சுக்கு இல்லை. இரண்டாவதில் திப்பிலி இல்லை. மூன்றாவதை மூக்கு நனைகிற அளவுக்கு மோந்தேன். வேர் வாசனை மருந்துக்கும் இல்லை. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. கிளாஸை வைத்தேன்.

"நயினார், சொல்லக் கஷ்டமா இருக்கு. மூணும் டூப்ளிகேட்."

"என்னது சார்வாள்?"

"அசல் போர்ட்ல முதல்ல சுக்கு வரும். பின்னாடியே திப்பிலி. உங்களை யாரோ நன்னா ஏமாத்தியிருக்கான்."

"சுக்கா?" நயினார் முகம் சுண்டிவிட்டது. "சார்வாள், இது மடியில வச்சுக் கப்பல்ல கொண்டாந்த சரக்கு."

"ரசத்தோட கலந்து குடிச்சிருப்பாரு போல," என்றாள் பேராச்சி.

அப்போது அபயம் மெதுவாக, "நான் மோந்து பாக்கலாமோ?" என்றாள்.

"இதுக்கெல்லாம் பயிற்சி வேணும் அபயம். ஒரு மாசம் உழைச்சிருக்கேன்."

அவள் முதல் கிளாஸைத் தூக்கினாள். "இது கோவா. கல்யாணமான புதுசுல ஒரு தரம் குடிச்சிருக்கேன்."

அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. முப்பது வருஷமாக ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே வைத்திருக்கிறாள். அந்த நிமிஷமே எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார வேண்டும்போல் இருந்தது. நடுவில் வானமாமலை இருந்தார்.

"இது பத்து வருஷம், மரப்பீப்பாய்," என்றாள் இரண்டாவதுக்கு. மூன்றாவதை மோந்தாள், ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள். "இது அதோட அக்கா. இருபது இருக்கும்."

நயினார் ஒவ்வொரு சாக்ஸாகக் கழற்றினார். கோவா. பத்து. இருபது. பேராச்சி அபயத்தைக் கட்டிக்கொண்டாள். தொண்ணூற்று நாலாம் வருஷத்து பாட்டில் அபயத்தின் மடிக்கு வந்தது.

திரும்பி வரும் டாக்ஸியில் சியோன் சிக்னல் வரை பொறுத்தேன். பிறகு கேட்டேன்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"ரெண்டாவது நீங்க அலமாரில ஒளிச்சு வச்சதுதானே? பத்து வருஷம்னு உங்க நோட்டுலயே எழுதியிருந்தேளே."

டாக்ஸி குலுங்கியது. அல்லது நான்.

"நீங்க வச்ச மூணாம் நாள், உடம்பு அசதியா இருக்கேன்னு ஒரு மூடி எடுத்துண்டேன். தசமூலாரிஷ்டம் இத்தனை ருசியா இருக்காதேன்னு தோணித்து. பிரசவத்துக்கு வாங்கினதுல இன்னொரு பாட்டில் பிரிக்காம இருந்தது. அதை அதுல ஊத்திட்டேன். உங்களுதை எடுத்து விளக்கெண்ணெய் பாட்டிலை அலம்பி அதுல வச்சேன். விளக்கெண்ணெய்னா நீங்க அந்தப் பக்கமே வர மாட்டேளே. நானும் வந்தனாவும் தினம் மத்தியானம் மோந்து மோந்து, ஆளுக்கு ஒரு மூடி."

"அப்போ ஒரு மாசமா நான் குடிச்சது?"

"பிள்ளை பெத்தவா மருந்து. இடுப்பு வலி போச்சோல்லியோ?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பாட்டில் அவள் மடியில் இருந்தது, நாளை கல்யாண நாள், ஜன்னலுக்கு வெளியே மழை. வெட்கத்தை விட்டுச் சொன்னேன். பஞ்சிம், ஆற்றங்கரை, என் மீசை, அந்தச் சிரிப்பு, எல்லாவற்றையும் சொன்னேன். "அதை இன்னொரு தரம் பாக்கணும் அபயம். அதுக்குத்தான் இத்தனையும்," என்றேன்.

அவள் மடியிலிருந்த பாட்டிலை முந்தானையால் துடைத்தாள். டாக்ஸிக்காரன்கூட ரேடியோவைத் தணித்தான்.

"நாளைக்குத் திறக்கலாம்," என்றாள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஞாயிறு மத்தியானம் சலூனுக்குப் போய் மீசையைக் கத்தரித்துச் சாயம் போட்டுக்கொண்டேன். இரண்டு முழம் மல்லி, இரண்டு சின்னக் கிளாஸ். நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தால் வாசலில் ஐந்து ஜோடிச் செருப்பு. ஹால் கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். ஒரு சாண் திறந்து அபயம் எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் வந்தனா, பேராச்சி, நாராயணீயம் மாமிகள் மூன்று பேர். நடுவில் மெழுகு உடைத்த பாட்டில்.

"அபயம், இன்னிக்கு நாம ரெண்டு பேரும்..."

"நீங்கதானே நான் சிரிக்கணும்னேள். தனியா உக்காந்து சிரிச்சா பைத்தியம்னு சொல்லுவா."

"தனியா இல்லையே, நான் இருக்கேனே. எனக்கு ஒரு கிளாஸ்?"

"உங்களுக்குச் சுகர் இருநூத்திப்பத்து. திறந்தா அன்னிக்கே முடிச்சுடணுமாம், நயினார் சொன்னார். போய் அப்பளம் பொரிச்சுக் கொண்டு வாங்கோ."

பொரித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். "எக்கா, கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுங்க, இது எத்தனை வருசம்?" "மாமி, ஏக் அவுர் சலேகா?" என்று இன்னொரு கிளாஸுக்கு வந்தனா கேட்டாள். பிறகு அது வந்தது. முதலில் ஒரு செருமல், அப்புறம் மூச்சு வாங்குதல், அப்புறம் நிற்காத சிரிப்பு. எனக்கு அடையாளம் தெரிந்தது. ஆயிரம் பேர் நடுவில் கேட்டாலும் தெரியும். ஒரு செங்கல் தடிப்பு தூரத்தில் நடக்கிறது, நான் கையில் கரண்டியோடு நிற்கிறேன். ஆற்றங்கரையில் அவள் தலை முட்டின தோள் வலித்தது. நாலு அப்பளம் கருகிவிட்டது.

ஆறு மணிக்கு எல்லாரும் கிளம்பி லிஃப்டுக்குப் போனார்கள். அபயம் சமையலறைக்கு வந்தாள். முகம் சிவந்திருந்தது. கையில் பாட்டில்.

"உங்களை மறந்துடலை. அடியில உங்களுக்குன்னு விட்டு வச்சிருக்கேன்."

முப்பது வருஷத்துப் போர்ட்டின் அடியில் என்ன இருக்கும் என்று நயினார் எனக்குச் சொல்லியிருக்கிறார். மண்டி. கறுப்பாக, சேறு மாதிரி. தெரியும். ஆனாலும் அவள் தன் கையால் என் கிளாஸில் ஊற்றினாள். முப்பது வருஷம் கழித்து என் எதிரே நின்று, என் முகத்தையே பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தேன். வாயெல்லாம் மணல்.

"எப்படி இருக்கு?"

"அருமை," என்று பல்லைக் காட்டினேன்.

அவள் என் வாயைப் பார்த்தாள். சாயம் போட்ட மீசையைப் பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. என் தோளில் கை வைத்துத் தலையைச் சாய்த்தாள். எனக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அப்படியே நின்றேன், மூச்சுகூட விடாமல்.

அபயம் என் தோளிலிருந்து தலையை நிமிர்த்தி வாசல் பக்கம் குரல் கொடுத்தாள்.

"வந்தனா, லிஃப்டை நிறுத்து. எல்லாரும் ஒரு நிமிஷம் உள்ள வாங்கோ, இவர் பல்லைப் பாத்துட்டுப் போகலாம்."