சரி என்கிற வியாதி

காபிப்பொடி டப்பாவை எங்கே ஒளித்து வைப்பது என்று சந்திரமௌலிக்குப் புரியவில்லை. மயிலாப்பூர் வீட்டில் நகையை ஒளிக்கலாம், நாட்டு ரகசியத்தை ஒளிக்கலாம், காபிப்பொடியை ஒளிக்க முடியாது. கடைசியில் பீரோவில் வேட்டிகளுக்கு நடுவே செருகிப் பூட்டினார். மறுநாள் அதில் ஒரு வேட்டியைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனபோது, பக்கத்தில் நின்று கும்பிட்டவர் கண்ணைத் திறந்து, எந்தக் கடையில் அரைக்கிறீர்கள் என்று விசாரித்தார்.

எல்லாவற்றுக்கும் காரணம் டாக்டர் ஷண்முகப்ரியா கேட்ட ஒரு கேள்வி.

சந்திரமௌலியின் மனைவி விசாலாக்ஷிக்குத் தைராய்டு குறைவு. சில மாதங்களாக மாத்திரை சாப்பிட்டும் ரத்தப் பரிசோதனையில் முன்னேற்றம் இல்லை. போதாக்குறைக்கு இந்தத் தடவை பி12 வைட்டமினும் ஃபோலிக் அமிலமும் அடிமட்டத்தில் இருப்பதாக வந்திருந்தது. டாக்டர் ரிப்போர்ட்டையும் அவர்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“மாத்திரையை வெறும் வயித்துலதானே போடறீங்க?”

“வெறும் வயித்துலதான்” என்று கணவனும் மனைவியும் சேர்ந்தே சொன்னார்கள்.

“கார்த்தால காபி குடிச்ச உடனே போட்டுண்டுடறேன்” என்று விசாலாக்ஷி விளக்கினாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அவர் ஏன் அப்படிப் பார்க்கிறார் என்று இரண்டு பேருக்கும் விளங்கவில்லை. அவர்கள் வீட்டில் காபி என்பது உணவில் சேர்த்தி இல்லை. ஏகாதசியன்று விசாலாக்ஷி பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உபவாசம் இருப்பாள். காபி மட்டும் மூன்று வேளை. அதனால் உபவாசம் கெட்டதாக அவள் மாமியார்கூடச் சொன்னதில்லை. அந்த சாஸ்திரமெல்லாம் மாத்திரைக்குத் தெரியாது என்று டாக்டர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். எழுந்ததும் தண்ணீரோடு மாத்திரை, அப்புறம் ஒரு மணி நேரம் காபி உட்பட எதுவும் கூடாது.

பி12-க்கு வந்தபோது “முட்டை” என்று ஆரம்பித்து, எதிரே இருந்த இரண்டு முகங்களையும் பார்த்துவிட்டு “ஊசி” என்று முடித்தார். க்ளினிக் நர்ஸ் அன்புக்கரசி வியாழக்கிழமை தோறும் வீட்டுக்கே வந்து போட்டுவிடுவாள். ஃபோலிக் அமிலத்துக்கு மாத்திரை. கூடவே கீரை.

விசாலாக்ஷியின் ரத்த அழுத்தம் பார்க்க அன்புக்கரசி அவளைத் துணித் தடுப்புக்குப் பின்னால் அழைத்துப் போனாள். அதற்காகவே காத்திருந்த சந்திரமௌலி, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“டாக்டர், ரிப்போர்ட்ல வராத ஒண்ணு சொல்லணும். சண்டை போடறதை நிறுத்திட்டா.”

“நல்ல விஷயந்தானே சார்?”

“இல்லை டாக்டர். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து தினம் போட்டுண்டு இருந்தவ. இப்ப நான் எது சொன்னாலும் ‘சரி’ங்கறா. எனக்கு பயமா இருக்கு.”

டாக்டர் சிரிக்கவில்லை. சண்டை போடவும் உடம்பில் தெம்பு வேண்டும், மருந்து வேலை செய்தால் அதுவும் தானாகத் திரும்பும், அவசரப்படாதீர்கள் என்றார். தடுப்புக்குப் பின்னால் ரத்த அழுத்தக் கருவியின் புஸ் புஸ் சத்தம் கொஞ்ச நேரம் நின்றுபோயிருந்தது. சந்திரமௌலி அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

விசாலாக்ஷியின் சண்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சண்டையையும் கணக்கு மாதிரிதான் போடுவாள். முதலில் குற்றச்சாட்டு, பிறகு நிரூபணம், கடைசியில் ‘ஆகவே’. மின்வாரியத்தில் என்ஜினீயராக இருந்த சந்திரமௌலி அத்தனை வருடத்தில் ஒன்றில்கூட ஜெயித்ததில்லை. தோற்றுப் போய்ப் பால்கனியில் நின்று முணுமுணுத்துவிட்டு வந்தால், சூடாகக் காபி இருக்கும். அதுதான் அவருக்குத் தெரிந்த இல்லறம்.

இப்போது வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியை அவரால் தாங்க முடியவில்லை. அவசரப்படாதீர்கள் என்று டாக்டர் சொன்னதை மறந்துவிட்டு, சிகிச்சையைத் தாமே கையில் எடுத்துக்கொண்டார்.

முதலில் அந்தக் காபி இல்லாத ஒரு மணி நேரம். அவள் மறந்துபோய்க் கலந்து குடித்துவிடக் கூடாதென்றுதான் காபிப்பொடியை பீரோவில் பூட்டினார். விசாலாக்ஷி மாத்திரையைப் போட்டுக்கொண்டு கூடத்தில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளை விட்டுவிட்டுத் தான் மட்டும் குடிப்பது பாவம் என்று அவரும் குடிக்கவில்லை. தலை விண் விண்ணென்று தெறித்தது. பேப்பரை யார் இப்படி மடித்தது என்று அவள் மேல் எரிந்து விழுந்தார். மடித்தது அவர்தான்.

“சரி” என்றாள் விசாலாக்ஷி.

பழைய விசாலாக்ஷியாக இருந்தால் அந்தப் பேப்பரை வைத்தே வழக்கு நடத்தியிருப்பாள். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மாத்திரையை முன்னாலேயே போட்டுவிட்டால் காபி வழக்கமான நேரத்துக்குக் கிடைக்குமே என்று அடுத்த யோசனை. விடிவதற்கு வெகு முன்னால் போனில் அலாரம் வைத்தார். சாதாரண அலாரத்துக்கு அவள் எழுந்திருக்க மாட்டாள் என்று கோயில் மணி சத்தமாகத் தேர்ந்தெடுத்தார். மேல் மாடி வெங்கடரமணன் அதைக் கேட்டு மார்கழி வந்துவிட்டது என்று பச்சைத் தண்ணீரில் குளித்து, கோயில் வாசல் வரை போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு அவர் கீழ் வீட்டோடு பேசவில்லை. விசாலாக்ஷி தூக்கம் கெட்டுப் பகலெல்லாம் நாற்காலியில் சாய்ந்து கிடந்தாள்.

“தூக்கம் கெட்டுடுத்தா விசாலம்?” என்று கேட்டார்.

“சரி” என்றாள். கேட்ட கேள்வியைக்கூட அவள் காதில் வாங்கவில்லை.

அலாரத்தை நிறுத்தினார். இத்தனை மாத்திரைகளுக்கு இத்தனை வேளை எதற்கு, ஒரே முழுங்காக முடித்துவிட்டால் அவளுக்கும் சிரமம் இல்லை என்று தைராய்டு மாத்திரை, ஃபோலிக் அமிலம், எலும்புக்கான கால்சியம் எல்லாவற்றையும் காலையிலேயே சேர்த்துக் கொடுத்தார். பேச்சுவாக்கில் இதைப் பெருமையாக டாக்டரிடம் போனில் சொன்னபோது மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. கால்சியம் தைராய்டு மாத்திரையை உடம்பில் சேரவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், இரண்டுக்கும் நடுவில் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்றார் டாக்டர். இத்தனை நாள் போட்டது விழலுக்கு இறைத்த நீர்.

அப்புறம் கீரை. தண்ணித்துறை மார்க்கெட்டில் அரைக்கீரை, சிறுகீரை, முருங்கை, பொன்னாங்கண்ணி என்று கண்ணில் பட்ட கட்டுகளையெல்லாம் வாங்கி வந்தார். சமையலறையிலிருந்து விசாலாக்ஷியை வெளியேற்றிக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டுக் கரண்டியைக் கையில் எடுத்தார். கீரைக் கூட்டு, கீரை அடை, கீரை ரசம். கீரை ரசம் என்று ஒன்று உலகத்தில் கிடையாது, அன்றைக்கு இருந்தது. பூச்சி இருக்குமோ என்று பயந்து குக்கரில் விசில் விசிலாக விட்டார். அவ்வளவு வேகவைத்தால் ஃபோலிக் சத்து வெந்நீரோடு போய்விடும் என்று பிறகு தெரிந்தது. அதற்கப்புறம் லேசாக வதக்கினார். அதை மென்று முடிக்க மத்தியானம் ஆனது. காம்பெல்லாம் சிங்க்கில் போய் அடைத்துக்கொண்டு, பாத்திரம் கழுவிய தண்ணீர் தரையில் ஓடியது.

விசாலாக்ஷி வாசற்படியில் நின்று தண்ணீரைப் பார்த்தாள். சந்திரமௌலி ஆவலோடு அவள் முகத்தைப் பார்த்தார்.

“சரி” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

இனி ஒரே ஒரு அஸ்திரம்தான் பாக்கி. அதை அவர் ஆயுளில் மூன்று முறைதான் பிரயோகித்திருக்கிறார். மூன்று முறையும் வீட்டில் நாள்கணக்கில் யுத்தம். அன்றைக்கு அபூர்வமாக விசாலாக்ஷியே எழுந்து வத்தக்குழம்பு வைத்திருந்தாள். ஒரு கவளம் சாப்பிட்டார். பிரமாதமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, மனசைக் கல்லாக்கிக்கொண்டு சொன்னார்.

“என்ன இருந்தாலும் எங்க அக்கா பண்ற வத்தக்குழம்பு மாதிரி வராது.”

கண்ணைத் திறந்தார். விசாலாக்ஷி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வையில் கோபம் இல்லை. என்னவோ யோசிப்பது மாதிரி இருந்தது.

“சரி” என்றாள்.

சந்திரமௌலிக்கு அதற்கு மேல் சாதம் இறங்கவில்லை. கையை அலம்பிக்கொண்டு பால்கனிக்குப் போய் நின்றார். தெருவில் ஆட்டோக்கள் போய்க்கொண்டிருந்தன. அவள் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று முதன்முதலாக அவர் மனசில் தோன்றியது. தோன்றிய உடனே உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அதோடு வைத்தியம் பண்ணுவதை விட்டார். காபிப்பொடி பீரோவிலிருந்து அதன் இடத்துக்குத் திரும்பியது. டாக்டர் சொன்னது சொன்னபடி மாத்திரைகள் அதனதன் வேளையில் நடந்தன. வியாழக்கிழமை தோறும் அன்புக்கரசி சாந்தோமிலிருந்து ஸ்கூட்டியில் வந்தாள். சந்திரமௌலிக்கு ஊசி என்றால் பார்க்கவே ஆகாது. அவள் பையைத் திறந்ததும் அவர் கீழே கேட் பக்கம் போய்விடுவார். ஒரு ஊசிக்கு இத்தனை நேரமா என்று சில சமயம் தோன்றும். பாவம், வலிக்கிறதோ என்னவோ என்று நினைத்துக்கொள்வார்.

சில வாரங்கள் போயின. விசாலாக்ஷி பகலில் படுப்பது குறைந்தது. இருந்தாலும் ‘சரி’ மட்டும் போகவில்லை. ஒரு வியாழக்கிழமை காலை, அவர் பழக்கதோஷத்தில் கீரை நறுக்கிக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து குரல் வந்தது.

“ஏன்னா, இப்படிக் கொஞ்சம் வாங்கோ.”

கத்தியும் கீரையுமாகப் போனார். விசாலாக்ஷி மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“அது சமையல் ரூமா, ஆட்டுப்பட்டியா? குழாய்க்குள்ள முருங்கைக் காம்பு முளைச்சிண்டிருக்கு. என் ஃபில்டரை யாரு சோப்புப் போட்டுத் தேய்க்கச் சொன்னா? மேல் மாடி மாமா நம்மளைப் பார்த்தா மூஞ்சியைத் திருப்பிக்கறார். பீரோவைத் திறந்தா இன்னும் காபி வாசனை. இதெல்லாம் யார் பண்ணின வேலை?”

சந்திரமௌலி கத்தியைக் கீழே வைத்தார். அவள் ஒரு கணம் நிறுத்தி, விட்டத்தைப் பார்த்தாள். உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. பழக்கம் விட்டுப் போச்சே, பாவம், கோபத்தைச் சேர்த்துக்கொள்கிறாள் என்று நினைத்தார்.

“அப்புறம் உங்க அக்கா வத்தக்குழம்பு. கல்யாணமான புதுசுல அவா ஆத்துக்குப் போனோமே, ரெண்டாம் தரம் குழம்பு விட வந்தப்போ நீங்க இலையைக் கையால மறைச்சேளா இல்லியா? அன்னிக்கு வேண்டாத குழம்பு இன்னிக்கு எப்படி உசத்தியாச்சு? ஆகவே, ஒண்ணு அன்னிக்குப் பொய், இல்லை இன்னிக்குப் பொய். எதுன்னு சொல்லுங்கோ.”

ஆகவே! அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று. கண்ணில் தண்ணீர் முட்டியது. வெங்காயம் என்று சொல்லலாமென்றால் கையில் இருந்தது கீரை.

“இன்னிக்குத்தான் பொய்” என்றார்.

விசாலாக்ஷி நாற்காலியில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். பிறகு, மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆகிவிட்டது, காபி கலந்து கொண்டு வரலாம் என்று உத்தரவு போட்டாள். அவர் அடுப்பு முன்னால் நின்று, பால் பொங்கும் வரை சந்தோஷமாக அழுதார். வயசாகிவிட்டதே என்ற கூச்சம்கூட வரவில்லை.

சாயங்காலம் மைசூர்பாகு வாங்கி வந்தார். முதலில் தட்டோடு மேல் மாடிக்குப் போனார். என்ன விசேஷம் என்று வெங்கடரமணன் முறைப்பாகக் கேட்டார். ஆத்துக்காரி திட்டிவிட்டாள் என்று இவர் சொன்ன விதத்தைப் பார்த்து, அவர் கோபத்தை மறந்து இரண்டு துண்டாக எடுத்துக்கொண்டார்.

அன்புக்கரசி வந்து மணி அடித்தபோது விசாலாக்ஷி உள்ளே முகம் கழுவிக்கொண்டிருந்தாள். சந்திரமௌலி கதவைத் திறந்து, அவளைச் செருப்பைக்கூடக் கழற்ற விடாமல் மைசூர்பாகு தட்டை நீட்டினார்.

“அன்புக்கரசி, உன் ஊசி வேலை செஞ்சுடுத்தும்மா. மாமி இன்னிக்கு என்னை நன்னாத் திட்டிட்டா.”

அன்புக்கரசி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“முழுசா சொல்லி முடிச்சாங்களா சார்? போன வாரம் என்னாண்ட ஒத்திகை பாக்க சொல்லோ, உங்க அக்கா கதை வர்றதுக்குள்ளயே மூச்சு வாங்கி உக்காந்துட்டாங்க.”